சுதந்திர இந்தியாவின் முதல் நாலு நிதியமைச்சருங்களும் ராஜினாமா பண்ணினது ஏன்? ஊழலா, சதியா?

கேள்வியை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி முதல்ல சொல்லிடறேன். 1947-லேருந்து 1958 வரைக்கும் வந்த நாலு நிதியமைச்சரும் பாதியிலயே ராஜினாமா பண்ணிட்டுப் போயிருக்காங்களே, எல்லாரும் காசு அடிச்சாங்களா, இல்ல அதுல ரெண்டு பேர் தமிழங்கங்கிறதால வடக்கத்தி முதலாளிங்க சேர்ந்து கவுத்தாங்களான்னு கேட்டிருக்கீங்க. நீங்க உண்மையில தெரிஞ்சுக்க நினைக்கிறது, புதுசா பொறந்த ஒரு நாட்டோட கஜானாவைச் சுத்தி என்ன மாதிரி சண்டை நடந்துச்சுங்கறதுதான்னு எனக்குத் தோணுது. நான் கணக்குத் தணிக்கையில வேலை பாத்து ரிட்டயர் ஆனவன், பழைய பார்லிமெண்ட் விவாதங்களையும் கமிஷன் ரிப்போர்ட்டுகளையும் படிக்கறது பொழுதுபோக்கு. அரசியல் விமர்சகன் கிடையாது, அதனால ஃபைல்ல என்ன இருக்குன்னு பாக்கற புத்திதான் இந்தப் பதில் முழுக்க இருக்கும், அதை மனசுல வெச்சுக்கிட்டு படிங்க.

நாலு பேரையும் ஒரே கூண்டுல நிறுத்தாதீங்க. ஆர்.கே.சண்முகம் செட்டியார் 1948-ல போனார், ஜான் மத்தாய் 1950-ல, சி.டி.தேஷ்முக் 1956-ல, டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1958-ல. இதுல நடுவுல இருக்கற ரெண்டு பேர் மேல காசு சம்பந்தமா ஒரு புகாரும் கிடையாது. மத்தாய் போனது ஐந்தாண்டுத் திட்டம் போடற திட்டக் கமிஷனால, அது 1950 மார்ச்சுல வந்துச்சு, அது கேபினட்டுக்கு மேல இன்னொரு கேபினட் ஆயிடும், செலவை முடிவு பண்றது ஒருத்தர் பட்ஜெட்டுக்குப் பதில் சொல்றது இன்னொருத்தர்னு ஆயிடும்னு சண்டை போட்டார், கூடவே நேரு பாகிஸ்தான் பிரதமர் லியாகத் அலி கானோட பண்ணின ஒப்பந்தமும் அவருக்குப் பிடிக்கல. தேஷ்முக் போனது பம்பாய் நகரத்தை மஹாராஷ்டிராவுக்குக் குடுக்காம மத்திய அரசு கையில வெச்சுக்கறோம்னு சொன்னதால. ஆக கேள்வி இருக்கறது முதல் ஆள் மேலயும் நாலாவது ஆள் மேலயும்தான், ரெண்டு பேரும் நம்ம ஊர்க்காரங்க, அதனாலதான் அந்தச் சதிப் பேச்சு இன்னிக்கும் சாகாம இருக்கு.

செட்டியார் கதையைச் சொல்லணும்னா அப்ப நிலைமை எப்படி இருந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லணும். அவர் 1947 நவம்பர் 26 அன்னிக்கு போட்ட முதல் பட்ஜெட்டுல வரவு 171.15 கோடி, செலவு 197.39 கோடி, செலவுல கிட்டத்தட்ட பாதி ராணுவத்துக்கு. நாடு ரெண்டாப் பிரிஞ்சு சொத்தையும் கடனையும் பங்கு போட்டுக்கிட்டிருந்த நேரம், கடன்ல பாகிஸ்தானுக்கு 17.5 சதவீதம்னு முடிவாச்சு, ரொக்கத்துல 75 கோடின்னு முடிவாச்சு, அதுல 20 கோடி குடுத்தாச்சு, மீதி 55 கோடி இருக்கும்போது காஷ்மீர்ல சண்டை. குடுத்தா அந்தக் காசுலயே துப்பாக்கி வாங்கி நம்மளையே சுடுவாங்கன்னு டெல்லி நிறுத்தி வெச்சுது, செட்டியார் அந்த முடிவை வெளிப்படையா ஆதரிச்சுப் பேசினார், 1948 ஜனவரி 13 காந்தி உண்ணாவிரதம் உக்காந்தார், 15-ஆம் தேதி அரசாங்கம் குடுக்கறோம்னு அறிவிச்சுது. (காந்தி 55 கோடிக்காகத்தான் உண்ணாவிரதம் இருந்தார்னு பரவலா சொல்றாங்க, அவர் சொன்ன காரணம் டெல்லியில மதக்கலவரம் நிக்கணும்ங்கறது. பணம் குடுத்தது அந்த நாட்கள்ல நடந்துச்சு, அவ்வளவுதான் உறுதி.) இதுல இன்னொரு விசித்திரம், ரெண்டு நாட்டுக்கும் ஒரே ரிசர்வ் பேங்க், 1948 ஜூன் 30 வரைக்கும் பம்பாயில இருந்த நம்ம ரிசர்வ் பேங்க்தான் பாகிஸ்தானுக்கும் மத்திய வங்கி. சண்டை போட்டுக்கற ரெண்டு பேருக்கும் ஒரே கேஷியர்.

அந்தப் பங்கு பிரிக்கற வேலையை அதிகாரிங்க மட்டத்துல செஞ்சது ரெண்டு பேர், பாகிஸ்தான் பக்கம் சவுத்ரி முகமது அலி, அவர் பின்னாடி அந்த நாட்டுக்கு பிரதமராவே ஆனார், இந்தியா பக்கம் எச்.எம்.பட்டேல்னு ஒரு ஐசிஎஸ் அதிகாரி, அதாவது இங்கிலீஷ்காரன் காலத்து உயர்மட்ட சர்வீஸ்ல வந்தவர். இந்தப் பட்டேல் பேரை ஞாபகம் வெச்சுக்கங்க.

செட்டியார் மேல வந்த புகார் இதுதான். ரெண்டாம் உலக யுத்த காலத்துல கொள்ளை லாபம் சம்பாதிச்சு வரி கட்டாதவங்களைப் பிடிக்க 1947-ல ஒரு வருமான வரி விசாரணைக் கமிஷன் போட்டாங்க, அந்தக் கமிஷனுக்கு அனுப்பின லிஸ்ட்லேருந்து சில பேரை நிதி அமைச்சகம் வாபஸ் வாங்கிடுச்சு, அந்தப் பேருங்கள்ல கோயமுத்தூர் மில் முதலாளிங்களும் உண்டுன்னு பேச்சு, செட்டியார் அதே கோயமுத்தூர் ஆள். சபையில கேள்வி வந்துச்சு, 1948 ஆகஸ்ட்டுல ராஜினாமா. அதிகாரிங்க குடுத்த குறிப்பை நம்பி கையெழுத்துப் போட்டார்னு அவர் பக்கத்து ஆளுங்க சொல்லுவாங்க, நேருவுக்கு அவரை ஆரம்பத்துலேருந்தே பிடிக்கல, பழைய ஜஸ்டிஸ் கட்சிக்காரர், இங்கிலீஷ்காரனுக்கு வேண்டியவர்னு ஒரு எண்ணம் இருந்துச்சுன்னும் சொல்லுவாங்க. லிஸ்ட்லேருந்து பேர் போனதும் அவர் போனதும் உறுதி. அவர் பைசா வாங்கினார்னு யாரும் நிரூபிக்கல. என் சொந்த அபிப்பிராயம், பைசா வாங்காம இருந்தாலும் சொந்த ஊர் ஆளுங்க பேர் இருக்கற ஃபைல்ல அமைச்சர் கை வெச்சிருக்கவே கூடாது, வேற யாருக்காவது தள்ளி விட்டிருக்கணும், இன்னிக்கு ஒரு சின்ன ஆடிட் குழுவுல கூட தெரிஞ்சவங்க ஆபீஸ்னா நான் போகலன்னு எழுதிக் குடுப்பாங்க.

இப்ப டி.டி.கே. இதுதான் பெரிய கதை, கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஏன்னா ரெண்டு சண்டை இதுல அடுத்தடுத்து வருது, ஆனா நம்ம ஆளுங்க ரெண்டாவதை மட்டும்தான் பேசுவாங்க.

முதல் சண்டை ரிசர்வ் பேங்க்கோட. டி.டி.கே. 1956 ஆகஸ்ட்டுல நிதிக்கு வந்தார், ரெண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்துக்குப் பணம் பத்தல, வெளிநாட்டுச் செலாவணி கரையுது. அந்த வருஷக் கடைசியில உண்டியல் மேல, அதாவது வியாபாரிங்க எழுதிக் குடுக்கற பில்லு மேல, முத்திரைத் தீர்வையை ஏத்தினார். பாக்க வரி மாதிரி இருந்தாலும் இதோட விளைவு பேங்குங்க ரிசர்வ் பேங்க்கிட்ட வாங்கற கடனுக்கு வட்டி ஏறின மாதிரி ஆயிடும். வட்டியை முடிவு பண்றது ரிசர்வ் பேங்க் வேலை, அமைச்சர் பின்வாசல் வழியா வந்து அதைச் செய்யறார்னு கவர்னர் பெனகல் ராமராவ் போர்டுக்கு குறிப்பு வெச்சார். டி.டி.கே.வுக்குக் கோவம், ரிசர்வ் பேங்க்குங்கறது நிதி அமைச்சகத்தோட ஒரு பிரிவுதான்னு பார்லிமெண்ட்லயே சொல்லிட்டார், ராமராவ் நேருகிட்ட போனார், நேரு அமைச்சர் பக்கம் நின்னார், ரிசர்வ் பேங்க் யோசனை சொல்லலாம், ஆனா அரசாங்கத்தோட போக்குக்கு எதிரா போக முடியாதுங்கற மாதிரி பதில் குடுத்தார். 1957 ஜனவரியில ராமராவ் ராஜினாமா, ஏழரை வருஷம் கவர்னரா இருந்தவர். வேடிக்கை என்னன்னா அதே வருஷம் மே மாசம் தீர்வையைப் பழையபடி இறக்கிட்டு பேங்க் ரேட்டை, அதாவது பேங்குங்களுக்குக் குடுக்கற கடனோட வட்டியை, 3.5 சதவீதத்துலேருந்து 4-ஆ ரிசர்வ் பேங்க்கே ஏத்துச்சு. ஆளை அனுப்பிட்டு அவர் சொன்ன வழியையே எடுத்துக்கிட்டாங்க. வடக்கு தெற்குன்னு பேசறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், ராமராவும் தெற்கத்திக்காரர்தான், மெட்ராஸ்ல படிச்சவர். ஒரு தெற்கத்திக்காரர் இன்னொரு தெற்கத்திக்காரரை வெளிய தள்ளினார், இதுல எந்த லாபியைத் தேடறது?

ரெண்டாவது சண்டை முந்த்ராங்கற வியாபாரியோட ஷேரை எல்ஐசி வாங்கின விவகாரம். இதுக்கு எல்ஐசி எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் கோவம் ஏன் அவ்வளவுன்னு புரியும். 1955 டிசம்பர்ல பிரோஸ் காந்தி, நேருவோட மருமகன், ரேபரேலி எம்பி, காங்கிரஸ்காரர், ராமகிருஷ்ண டால்மியா தன்னோட இன்ஷூரன்ஸ் கம்பெனியில ஜனங்க கட்டின பிரீமியப் பணத்தைத் தன் சொந்த வியாபாரத்துக்குத் திருப்பி விட்டதை லோக்சபாவுல கிழிச்சுப் போட்டார். அடுத்த மாசமே ஆயுள் காப்பீட்டை அரசுடைமை ஆக்கற அவசரச் சட்டம், 1956 செப்டம்பர் 1-ல எல்ஐசி, சின்னதும் பெருசுமா 245 கம்பெனிங்க அதுல கரைஞ்சுது. அப்ப சொன்ன நியாயங்கள்ல முக்கியமானது என்ன? முதலாளிங்க பாலிசிதாரர் பணத்தை இஷ்டத்துக்கு எடுக்கறாங்க, அரசாங்கம் பத்திரமா வெச்சுக்கும். எல்ஐசி வந்து பத்து மாசம்கூட முடியல, அதுக்குள்ள இது.

ஹரிதாஸ் முந்த்ரா கல்கத்தாவுல பல்பு வித்து ஆரம்பிச்ச ஆள், கடன் வாங்கி வாங்கி ஷேரைப் பிடிச்சு பழைய இங்கிலீஷ் கம்பெனிங்களைக் கையில எடுத்தவர், 1957-ல கழுத்து வரைக்கும் கடன். அந்த ஜூன் மாசக் கடைசி வாரத்துல எல்ஐசி அவரோட ஆறு கம்பெனி ஷேரை சுமார் 1.24 கோடி ரூபாய்க்கு வாங்குச்சு, ரிச்சர்ட்சன் குரூடாஸ், ஜெஸ்ஸாப், ஸ்மித் ஸ்டானிஸ்ட்ரீட், ஆஸ்லர் லாம்ப்ஸ், ஏஞ்செலோ பிரதர்ஸ், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன். மார்க்கெட்ல வாங்கல, நேரா முந்த்ராகிட்டயே பேசி வாங்கினாங்க. எல்ஐசியில முதலீட்டுக்குன்னு ஒரு கமிட்டி இருந்துச்சு, அந்தக் கமிட்டிக்கு எல்லாம் முடிஞ்ச அப்புறம்தான் தகவல். பேசி முடிச்சது யாரு? நிதித்துறையோட முதன்மைச் செயலாளர். அவர்தான் எச்.எம்.பட்டேல்.

விஷயம் கசிஞ்சு செப்டம்பர்லயே பார்லிமெண்ட்ல கேள்வி வந்துச்சு, பதில் மழுப்பலா இருந்துச்சு, டிசம்பர் 16 அன்னிக்கு மறுபடி பிரோஸ் காந்தி எழுந்தார். மாமனார் பிரதமர், தன் கட்சி அமைச்சர், எதையும் பாக்கல. 1958 ஜனவரி 17 பம்பாய் ஹைகோர்ட் தலைமை நீதிபதி எம்.சி.சாக்ளாவை வெச்சு ஒருநபர் கமிஷன், பிப்ரவரி 10 ரிப்போர்ட் ரெடி. ஆமா, ஒரு மாசம்கூட இல்லை! விசாரணையை பப்ளிக்கா நடத்தினார், உள்ள இடம் பத்தாம வெளிய லவுட் ஸ்பீக்கர் கட்டி ஜனங்க நின்னு கேட்டாங்க. அமைச்சர் வந்தார், பட்டேல் வந்தார், ரிசர்வ் பேங்க் கவர்னர், ஸ்டேட் பேங்க் சேர்மன், எல்ஐசி சேர்மன் ஜி.ஆர்.காமத், நிர்வாக இயக்குநர் எல்.எஸ்.வைத்தியநாதன் எல்லாரும் சாட்சி சொன்னாங்க.

அரசாங்கத்து பக்கம் சொன்ன சமாதானம், கல்கத்தா ஷேர் மார்க்கெட் படுத்துக் கிடந்துச்சு, தூக்கி நிறுத்தத்தான் வாங்கினோம்னு. மார்க்கெட் படுத்தது நிஜம்தான், மே மாசம் டி.டி.கே. போட்ட பட்ஜெட்ல சொத்து வரி, செலவு வரின்னு புதுசா வந்த அதிர்ச்சியும் அதுக்கு ஒரு காரணம். ஆனா மார்க்கெட்டைத் தூக்கணும்னா நல்ல கம்பெனி ஷேரா பரவலா வாங்கணும், மூழ்கற ஒரே ஆளோட ஷேரை மொத்தமா அவர்கிட்டயே வாங்கினா மார்க்கெட்டுக்கு என்ன லாபம், சாக்ளா அந்தச் சமாதானத்தை ஏத்துக்கல.

என்னை மாதிரி ஆளுக்கு இந்தக் கேஸ்ல மனசுல நிக்கறது ஒண்ணே ஒண்ணு, அமைச்சரோட உத்தரவு எழுத்துல எங்கயும் இல்லை. பட்டேல் சொன்னார், அமைச்சருக்குத் தெரியும், சம்மதிச்சார்னு. டி.டி.கே. சொன்னார், நான் சம்மதிக்கலன்னு. ரெண்டு பேருக்கு நடுவுல நடந்த பேச்சு, சாட்சி கிடையாது, நோட் ஷீட்ல, அதாவது ஃபைல்ல குறிப்பு எழுதற தாள்ல, ஒரு வரி கிடையாது. அந்த ரூம்ல என்ன பேசினாங்கன்னு இன்னிக்கு யாராவது அடிச்சுச் சொன்னா நம்பாதீங்க. அதனாலதான் சாக்ளா வேற வழியில போனார், அமைச்சருக்குப் பின்னாடியாவது தெரிஞ்சிருக்கு, தெரிஞ்ச அப்புறமும் வேண்டாம்னு நிறுத்தல, தவிர ஒரு செயலாளர் செஞ்சதுக்கு அரசியல் சட்டப்படி அமைச்சர்தான் பொறுப்பு, எனக்குத் தெரியாதுன்னு ஒதுங்க முடியாதுன்னு எழுதினார். டி.டி.கே. அந்த பிப்ரவரியிலயே போனார். ராஜினாமா வந்த வேகத்துல ஆள் கிடைக்காம அந்த வருஷ பட்ஜெட்டை நேருவே வாசிச்சார்.

இதை நீங்க 'ஊழல்'னு ஒரு வார்த்தையில சுருக்கினா தப்பாப் போயிடும். முந்த்ரா பண்ணினது மோசடி, அவர் ஜெயிலுக்கும் போனார். டி.டி.கே. பைக்கு காசு போச்சுன்னு சாக்ளா சொல்லல. பெரிய தொகை, பொதுப்பணம், வாய்வார்த்தையில கை மாறுச்சு, யார் முடிவு பண்ணினாங்கன்னு கேட்டா எல்லா விரலும் பக்கத்து ஆளைக் காட்டுது, அதுதான் அங்க நடந்தது. செட்டியார் கேஸ், மத்தாய் கேஸ், ராமராவ் கேஸ் எல்லாத்துலயும் அடியில ஓடறது இதே தகராறுதான்னு நான் நினைக்கிறேன். வெள்ளைக்காரன் போன அப்புறம் கஜானா சாவி யார் கையிலங்கறது யாருக்குமே தெளிவா இல்லை, பிரதமர் கையிலயா, திட்டக் கமிஷன் கையிலயா, நிதியமைச்சர் கையிலயா, ரிசர்வ் பேங்க் கையிலயா, ஃபைல் எழுதற ஐசிஎஸ் கையிலயா. சட்டம் ஒண்ணு சொல்லும், பழக்கம் இன்னொண்ணு சொல்லும், அந்த இடைவெளியில முந்த்ரா மாதிரி ஆளுங்க நுழைஞ்சாங்க.

சதிப் பக்கம் வருவோம். சொத்து வரி, செலவு வரி போட்ட டி.டி.கே. மேல பெரிய முதலாளிங்களுக்குக் கடுப்பு இருந்துச்சு, அது நிச்சயம். கடுப்பு இருந்துச்சுங்கறதுக்காக அவங்கதான் கவுத்தாங்கன்னு ஆயிடாது. அவரைக் கவுத்தது ஒரு காங்கிரஸ் எம்பியோட பேச்சும் ஒரு நீதிபதியோட ரிப்போர்ட்டும், அந்தப் பேச்சால அடி வாங்கினதுல முந்த்ராங்கற வடக்கத்தி முதலாளியும் ஒருத்தர், அதே எம்பி ரெண்டு வருஷம் முன்னாடி கிழிச்ச டால்மியாவும் வடக்கத்தி முதலாளிதான். அதனால தமிழன்ங்கறதால கவுத்தாங்கங்கற வாதத்தை நான் ஏத்துக்க மாட்டேன். இதைவிட யோசிக்க வேண்டிய சந்தேகம் ஒண்ணு இருக்கு, முந்த்ரா காங்கிரஸுக்குத் தேர்தல் நன்கொடை குடுத்தவர், அதுக்குக் கைமாறாத்தான் எல்ஐசி வாங்குச்சாங்கறது. சாக்ளாவுக்கு அப்புறம் அதிகாரிங்களை விசாரிச்ச விவியன் போஸ் போர்டு அந்தப் பக்கம் கை காட்டுச்சு, நேரு கொதிச்சுப்போய் அப்படிச் சொன்னவருக்குப் புத்தி போதாதுங்கற அர்த்தத்துல 1959-ல நிருபர்கள் முன்னாடியே பேசிட்டார், விவியன் போஸ் சுப்ரீம் கோர்ட் நீதிபதியா இருந்தவர், வக்கீல்கள் சங்கம் கொந்தளிச்சுது, நேரு மன்னிப்புக் கேட்டார். நன்கொடை குடுத்தது உண்மை, வியாபாரம் நடந்தது உண்மை, ரெண்டுக்கும் நடுவுல முடிச்சு இருக்குன்னு எந்த நீதிமன்றமும் தீர்ப்பு சொல்லல. நான் ஆடிட் பண்ணியிருந்தா சந்தேகத்துக்குரியதுன்னு எழுதிட்டு நிறுத்தியிருப்பேன், அதுக்கு மேல எழுத ஆதாரமா பேப்பர் வேணும்.

எல்ஐசி பணம் என்ன ஆச்சுன்னும் ஓரமா கேட்டிருந்தீங்க. பெரும்பகுதி நஷ்டம்தான். அந்த ஆறு கம்பெனியில பலதும் கடைசியில அரசாங்கத்துக்கிட்டயே வந்து விழுந்துச்சு, ஜெஸ்ஸாப் நிர்வாகத்தை 1958-லயே எடுத்துக்க வேண்டியதாச்சு, பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன் 1981-ல அரசுடைமை.

ஆளுங்க என்ன ஆனாங்கன்னா, பட்டேல் மேல இருந்த குற்றச்சாட்டு கடைசியில நிக்கல, ஆனா சர்வீஸ்ல தொடராம குஜராத் பக்கம் போயிட்டார், 1977-ல ஜனதா ஆட்சி வந்தப்ப அவரே நிதியமைச்சர். டி.டி.கே. 1962-ல திருச்செந்தூர்ல ஜெயிச்சுத் திரும்ப வந்தார், 1963-ல மறுபடி நிதி, அந்த கேபினட்ல கல்வி அமைச்சரா வந்து உக்காந்தவர் யாருன்னு நினைக்கறீங்க, அதே சாக்ளா. அப்புறம் மகன்களோட வியாபாரத்துக்கு உதவினார்னு எம்பிங்க புகார் குடுத்தாங்க, அப்ப பிரதமரா இருந்த சாஸ்திரி அதை சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதி பாக்கட்டும்னார், பிரதமரே என்னை நம்பறேன்னு சொல்லணும்னு டி.டி.கே. பிடிவாதம் பிடிச்சார், 1965 டிசம்பர் 31 ராஜினாமா. ஆக நீங்க நாலு ராஜினாமான்னு எழுதினதை அஞ்சுன்னு திருத்திக்கலாம், கடைசி ரெண்டும் ஒரே ஆளோடது.